பேக்கேஜ் பெயரில் பிழை எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லினக்ஸில் அப்பாச்சி வெப் சர்வரை நிறுவ அப்பாச்சி2 என்று கொடுத்தால், அப்படியொரு பேக்கேஜே (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) இல்லை என்கிறது. என்ன செய்வது?

பதில்: எந்த லினக்ஸ் என்பதை எழுதாமல் கேள்வி அனுப்புவதை முதலில் நிறுத்த வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் அப்பாச்சி2 என்றிருப்பது, ஃபெடோராவிலும் ரெட் ஹேட்டிலும் எச்டிடிபிடி என்றிருக்கும்.

கேள்வி: இணையப் பெயர்களுக்குரிய முகவரியைத் தேடும் 'டிக்' கட்டளை வேண்டும்; அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை.

பதில்: கட்டளையின் பெயரிலேயே பேக்கேஜும் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. இது இன்றைய டெபியனில் பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ் என்பதிலும், ஃபெடோராவில் பைண்ட்-யூட்டில்ஸ் என்பதிலும் உள்ளது. எந்தக் கட்டளை எந்தப் பேக்கேஜில் உள்ளது என்பதை, டெபியனில் ஆப்ட்-ஃபைல், ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் ஆகியவற்றைக் கேட்டால் அவையே சொல்லிவிடும். (ஆப்ட், டிஎன்எஃப் இரண்டும் அந்தந்த லினக்ஸில் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவிகள்.)

கேள்வி: கோ நிரல்மொழி தொடர்பானவற்றை நீக்க, ஆப்ட்-கெட் ரிமூவ் கட்டளையில் 'கோ.*' என்று மேற்கோளுக்குள் கொடுத்து, எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று தானே பதில் தரும் ஹைஃபன் ஒய்யும் (-y) சேர்த்தேன். டெஸ்க்டாப்பே போய்விட்டது. ஆப்ட்டில் கோளாறா?

பதில்: ஆப்ட்டில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் கொடுத்ததற்கு நேராகப் பொருந்தும் பெயர் இல்லாதபோது, ஆப்ட்-கெட் அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது பல பெயர்களுக்குப் பொருந்தும் தேடல் வடிவமாக எடுத்துக்கொண்டு, பெயரின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் கடைசியிலும் தேடும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பெயரில் 'கோ' உள்ள கார்கோவும் ஜாங்கோவும் வலையில் விழும். எழுத்துகளைத் திரையில் வரையும் பாங்கோ நூலகமும் விழும். பாங்கோ போனால் அதை நம்பியிருக்கும், சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகேயும், அதன்மேல் நிற்கும் டெஸ்க்டாப்பும் கூடவே போகும். பெயரின் தொடக்கத்தில் மட்டும் தேடச் சொல்லும் ^ குறியை முன்னால் இட்டு, '^கோலாங்-' (கோ பேக்கேஜ்களின் பெயர் இப்படித்தான் தொடங்கும்) என்று கொடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. மேற்கோள் குறியையாவது மறக்காமல் போட்டீர்களே, அதுவரை நல்லது. அதை விட்டால், நடப்பு அடைவில் உள்ள கோ.மாட் போன்ற கோப்புப் பெயர்களை, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அங்கே விரித்து வைத்துவிடும். ஆனால் இத்தனைக்கும் மேலான குற்றம் அந்த ஹைஃபன் ஒய்தான். நீக்கப்படவிருக்கும் பட்டியலைக் காட்டி ஆப்ட் அனுமதி கேட்கும் ஒரே இடத்தை அது அடைத்துவிடுகிறது. பலமுறை எழுதியதையே மீண்டும் எழுதுகிறேன்: முதலில் ஹைஃபன் எஸ் (-s) கொடுத்து ஒத்திகை பாருங்கள், பட்டியலை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: இறக்கி வைத்த டெப் கோப்பை (டெபியன் பேக்கேஜ் கோப்பை) ஆப்ட் கண்டுகொள்ளவில்லை.

பதில்: கோப்பின் பெயருக்கு முன்னால், 'இந்த அடைவில் உள்ளது' என்று பொருள்படும் ./ சேருங்கள்.

கேள்வி: குறிப்பிட்ட ஒரு பதிப்பை மட்டும் நிறுவுவது எப்படி?

பதில்: ஆப்ட்டில் பெயரை அடுத்துச் சமக்குறியும், டிஎன்எஃப்பில் ஹைஃபனும் இட்டுப் பதிப்பெண்ணை எழுத வேண்டும். ஆப்ட்டுக்குப் பாதி எண் போதாது. ஆப்ட்-கேஷ் பாலிசி காட்டும் முழு எண்ணையும், இருந்தால் முன்னால் வரும் '1:' உட்பட, அப்படியே கொடுங்கள். பதிப்பை மாறாமல் நிறுத்தி வைக்கும் ஆப்ட்-மார்க் ஹோல்ட் செய்யாவிட்டால் அடுத்த அப்கிரேடில் பதிப்பு மாறிவிடும்.

கேள்வி: ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தபோது பெயரின் இறுதியில் தவறுதலாக ஹைஃபன் விழுந்தது; நிறுவ வேண்டியதை நீக்கிவிட்டது!

பதில்: இறுதி ஹைஃபனுக்கு 'நீக்கு' என்றே பொருள், ரிமூவ் கட்டளையில் இறுதியில் + இட்டால் நிறுவும். பட்டியலைப் படித்திருந்தால் இந்தக் கடிதத்திற்கு அவசியமே இருந்திருக்காது.