ஓகஸ்ட் முகாமுக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். நாலு வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். ஐந்தாறு சொல்தான் பேசுவான். பாடசாலையில் விசேட கல்வி அலகுக்குப் போகிறான். வருகிற ஓகஸ்ட் விடுமுறையில் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இளம் ஆட்களுக்கும் பத்து நாள் கோடைகாலக் கற்றல் முகாம் வைக்கிறார்களாம். காலை எட்டரையில் இருந்து இரண்டு மணி வரை. கனடாவில் இருந்தும் சிலர் வந்து படிப்பிப்பார்களாம். அனுப்பலாமா மிஸ்? மாமி வேண்டாம் என்கிறா. தண்ணியைக் கண்டால் ஓடிவிடுவான், அதுதான் என் பயம். அக்காவின் மகளுக்கும் ஓட்டிசம், 19 வயது, வீட்டோடுதான் இருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?
— விசுவமடுவில் இருந்து ஒரு தாய்

மாமி ஏன் வேண்டாம் என்கிறா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. வன்னியில் ‘முகாம்’ என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. 2009இல் போர் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் முள்ளுக்கம்பியும் தண்ணீருக்கு நின்ற வரிசையும்தான். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அம்மம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: “முகாமால வந்து சேர்ந்த சனம் நாங்கள். இனிப் பேரனையும் முகாமுக்கு அனுப்புறதோ?” அன்றிலிருந்து நான் ‘விடுமுறை வகுப்பு’ என்றே சொல்கிறேன். மாமியிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

‘கோடைகாலம்’ என்பதும் எங்கள் ஊர்க் கதை இல்லை. கனடாவில் ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் பாடசாலை பூட்டு. இவ்வளவு நாள் இடைவெளியில் ஓட்டிசம் உள்ள பிள்ளை கற்றதை விட்டுவிடும் என்பதால் அங்கே இப்படியான முகாம்கள் வழக்கம். எங்களுக்கு ஓகஸ்டில் கிடைக்கிற விடுமுறை அதைவிடக் குறைவு. ஆனால் பிள்ளைக்கு நடப்பது ஒன்றுதான். காலையில் சீருடை, சைக்கிள், மணி, சாப்பாட்டுப் பெட்டி என்று ஓடிய நாளின் ஒழுங்கு ஒரேயடியாக நின்றுவிடுகிறது. 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, எல்லாம் எப்போதும் போலவே இருக்கவேண்டும் என்ற அவர்களின் தவிப்பைக் குறித்திருக்கிறார். அதனால் விடுமுறையில் ஒழுங்கான ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதான்.

ஆகவே என் பதில்: அனுப்பலாம். ஆனால் பெயரைக் கொடுக்க முன் ஒருநாள் நேரில் போய் அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். என்ன படிப்பிப்பீர்கள் என்று கேட்பதைவிட அது முக்கியம்.

எதைப் பார்ப்பது? கேற்றை, கிணற்றை, கழிவறையை. உங்கள் பயம் வீண் பயமில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடிப்போவதும், ஓடிப்போகிறவர்களில் பலர் தண்ணீரைத் தேடிப் போவதும், தண்ணீரில் மூழ்குவது அவர்களுக்குப் பெரிய ஆபத்து என்பதும் உலகம் முழுக்கத் தெரிந்த விடயங்கள். கிளிநொச்சியில் கட்டில்லாக் கிணறு இருக்கும். சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்தில் இருந்து தண்ணீர் விட்டிருந்தால் வாய்க்காலும் ஓடும்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் சேர்ந்து நடத்திய ஒரு விடுமுறை வகுப்பு. பிள்ளைகள் 14 பேர், பெரியவர்கள் 9 பேர். போதும் என்றுதான் நினைத்தோம். பத்து மணித் தேநீர் நேரம், சாப்பாடு கொண்டுவந்த ஓட்டோவுக்காகப் பின் கேற்றைத் திறந்தவர் பூட்டவில்லை. பையன் ஒருவனைக் காணவில்லை என்று தெரிய ஐந்து நிமிடம் எடுத்தது. ஒன்பது பேரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தோம். பக்கத்து வளவில், கிணற்றுக் கட்டில் காலை உள்ளே தொங்கப்போட்டபடி இருந்து, கீழே தண்ணீரில் வெயில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடாமல் பின்னால் போய்த்தான் தூக்கினேன். கூப்பிட்டிருந்தால் குதித்திருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் இதுதான். ஓடுகிற பிள்ளைக்குப் பெயர் சொல்லி ஓர் ஆள். அவர் தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் “இப்ப உங்கட பொறுப்பு” என்று வாயால் சொல்லிக் கையளித்துவிட்டுத்தான் போகவேண்டும். பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் உள்ள இடத்துக்கு ஓடவேண்டும், கடைத்தெருவும் பக்கத்து வீடும் பிறகு. உங்கள் முகாம்காரரிடமும் இதையே கேளுங்கள்: “என்ர மகனுக்கு யார்?” ஒரு பெயர் சொன்னால் நல்லது. “நாங்கள் எல்லாரும் பார்ப்பம்” என்றால் நீங்களே கூட இருக்கச் சம்மதம் கேளுங்கள். சட்டைக் கொலரின் உட்பக்கம் உங்கள் போன் இலக்கத்தைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். கழுத்தில் தொங்கவிடும் அட்டையைக் கழற்றி எறிவார்கள். மிதிவெடி அகற்றி முடியாத காணி பக்கத்தில் உண்டா என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள், சிவப்புப் பலகையைப் படித்து எங்கள் பிள்ளைகள் விலகமாட்டார்கள்.

சரி, தண்ணீர். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. “தண்ணிப் பக்கம் விடாதேங்கோ” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அவனுக்கு அது ஆசை, ஆறுதல். பூட்டப் பூட்ட ஓட்டம்தான் கூடும். தண்ணீரை அவனுடைய நாளுக்குள்ளே வையுங்கள். ஒரு நீல பேசின், அரைவாசி தண்ணீர், இரண்டு பேணி, ஒரு ஆள் பக்கத்தில். எப்போது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியவேண்டும், கேட்டால் கிடைக்கும் என்றும் தெரியவேண்டும். இந்தப் பத்து நாளில் அவன் கற்க ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால், நான் இதைத்தான் தெரிவுசெய்வேன்: ஓடாமல் தண்ணீரைக் கேட்பது.

எப்படி? உங்கள் வீட்டுக் குசினியிலேயே தொடங்கலாம். ஒரு கயிற்றைச் சுவரில் இடமிருந்து வலமாகக் கட்டுங்கள். அன்றைய நாளின் பொருட்களை வரிசையாகத் தொங்கவிடுங்கள்: பல் தூரிகை, பஸ் ரிக்கற், பென்சில், பேணி, செருப்பு. பேணி என்றால் பேசின் நேரம். செருப்பு என்றால் வீட்டுக்கு வருவது. ஒவ்வொன்று முடிந்ததும் அவன் கையாலேயே கழற்றி ஒரு பெட்டிக்குள் போடவேண்டும். ‘டக்’ என்று விழுகிற அந்தச் சத்தம் முக்கியம், அதுதான் ‘முடிந்தது’ என்பதன் சத்தம். படம் விளங்குகிற பிள்ளைக்குப் படம் போதும். உங்கள் மகனுக்கு எது விளங்கும் என்று நீங்களே இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவீர்கள். காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை இவர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷொப்லர் என்ற உளவியலாளர் 1972இல் ஓட்டிசம் உள்ளவர்களுக்காக மாநில அளவில் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம் இந்த அடிப்படையில் வளர்ந்ததுதான். எங்களுக்கு அவர்களின் லமினேட் அட்டைகள் தேவையில்லை, கயிறு போதும்.

கேட்பதற்கு: பேணியின் படம் ஒன்று. அவன் தண்ணீர்ப் பக்கம் சாயும்போது ஒருவர் பின்னால் இருந்து அவன் கையைப் பிடித்து, படத்தை எடுத்து, முன்னால் நிற்பவர் கையில் வைக்கச் செய்யவேண்டும். வாங்கியவர் “தண்ணி!” என்று சொல்லி உடனே பேசினுக்குக் கூட்டிப்போகவேண்டும். உடனே என்றால் உடனே. முதல் நாட்களில் நேரம் காலம் பார்க்க வேண்டாம், பேணி கயிற்றின் எந்த இடத்தில் தொங்கினாலும் சரி. காத்திருப்பதைப் பிறகு பழக்கலாம். படம் கொடுத்துக் கேட்கும் இந்த முறையை அமெரிக்காவில் 1985இல் உருவாக்கினார்கள். “படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும்” என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன.

கனடாவில் இருந்து வருபவர்களைப் பற்றி. மனமுள்ள பிள்ளைகள்தான், அனுபவமும் சிலருக்கு உண்டு. ஆனால் அவர்கள் “குட் ஜொப்” என்பார்கள், உங்கள் மகனுக்கு “கெட்டிக்காரன்” என்றால்தான் தெரியும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: அவன் சொல்லும் சொற்கள், வீட்டில் அவனுக்கு நீங்கள் சொல்லும் சொற்கள், காதைப் பொத்தினால் என்ன அர்த்தம், கையைக் கடித்தால் என்ன அர்த்தம், எதைச் சாப்பிடுவான். புட்டு மட்டும்தான் சாப்பிடுவான் என்றால் பத்து நாளும் புட்டே கொடுத்துவிடுங்கள். புதுச் சாப்பாடு பழக்க இது நேரமில்லை.

கழிவறைக்கு அவனை ஒரு தடவை முன்கூட்டியே கூட்டிப்போங்கள். வீட்டில் குந்தி இருந்து பழகியவன் கொமட்டைக் கண்டு நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பான். அப்படி அடக்கியவன் கத்தும்போது எல்லோரும் ‘குழப்படி’ என்பார்கள். விசுவமடுவில் இருந்து பரந்தன் சுற்றிப் போகிற பஸ், அந்தச் சத்தம், வெக்கை, நெரிசல் எல்லாம் வகுப்புத் தொடங்க முன்னமே அவனைக் களைக்கச் செய்துவிடும். அதையும் ஒருநாள் ஒத்திகை பாருங்கள். முடிந்தால் முதல் இரண்டு நாளும் பதினொரு மணியோடு கூட்டி வந்துவிடுங்கள். தொடக்கத்தில் அழுவது வழமை. நாலாம் ஐந்தாம் நாளும் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, தலையைச் சுவரில் அடிக்கிறான் என்றால் நிறுத்திவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வலிப்பு வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். ஓட்டிசத்தோடு வலிப்பும் சேர்ந்திருப்பது அரிதில்லை, நித்திரை குழம்பினால் வரக்கூடும், மருந்து தவறினாலும் வரும். யார் எத்தனை மணிக்கு மருந்து கொடுப்பது என்று எழுதிக் கொடுங்கள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துவிட வேண்டும், வாய்க்குள் ஒன்றும் வைக்கக்கூடாது, கையில் திறப்புக்கோர்வை திணிக்கும் வேலையும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அக்காவின் மகளை அனுப்புவது பற்றி யோசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வருகிறது, உங்கள் மேல் இல்லை. 19 வயதுப் பெண்ணை ஏழு வயதுப் பிள்ளைகளோடு இருத்தி யானைக்கு நிறம் தீட்ட வைக்கும் முகாம்களை எத்தனையோ கண்டுவிட்டேன். அவள் சின்னப் பிள்ளை இல்லை. “பெரிய பிள்ளைகளுக்குத் தனி அறையும் தனி வேலையும் உண்டா?” என்று கேளுங்கள். கச்சான் நிறுத்துப் பையில் போட்டு ஒட்டுவது, கடையில் காசு கொடுத்து மிச்சம் வாங்குவது, கொண்டக்டருக்குக் காசு நீட்டி இறங்குமிடம் காட்டுவது, இவைதான் அவளுக்குப் பாடம். மாதவிடாய் நாளில் உதவப் பெண் ஒருவர் இருக்கவேண்டும். யார் எங்கே தொடலாம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்காத முகாம் என்றால், அவளை வீட்டிலேயே வைத்திருங்கள். பேச்சு இல்லாத பெண்ணுக்கு அந்த ‘வேண்டாம்’ கைச்சைகையாக இருந்தாலும் போதும்.

இன்னொன்று, போட்டோ. உதவி செய்பவர்களின் பதாகைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி எடுத்து முகநூலில் போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் நோயாகிவிட்டது. “என்ர பிள்ளையின்ர முகம் வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். அதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், போகாமல் விட்டதில் நட்டமில்லை. பத்து நாளில் பேச வைப்போம் என்று சொல்பவர்களிடம் இருந்தும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

கடைசி நாள் சான்றிதழ் தருவார்கள். அதோடு அந்தப் பேணிப் படத்தையும் கேட்டு வாங்குங்கள், அதே படம், புதிது வேண்டாம். ஓரிடத்தில் பழகியது இவர்களுக்கு இன்னோரிடத்தில் தானாக வராது. கிளிநொச்சியில் படம் நீட்டியவன் விசுவமடுவில் பழையபடி கிணற்றுக்கு ஓடுவான். மறுநாள் காலை, கிணற்றடிக்குப் போகும் குசினிக் கதவில் அவன் கை எட்டும் உயரத்தில் படத்தை ஒட்டுங்கள். பேசினில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, நீங்கள் அந்தக் கதவடியில் கதிரை போட்டு இருங்கள்.