போருக்குப் பிறகு தமிழ், சிங்கள மாணவர்களைச் சேர்ந்து பழக வைப்பது எப்படி?

மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறீர்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை வைத்து புராஜெக்ட், கலைவிழாவில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2016 ஜூலையில் அங்கே விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில்தான் அடிதடி நடந்தது. சிங்களவரின் பாரம்பரியமான கண்டிய நடனத்தைச் சேர்ப்பதா என்பதே தகராறு. மேடை என்றாலே மரியாதைக் கணக்கு வந்துவிடும். நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கும் பஞ்சாயத்து உங்களுக்குத் தெரியாததா?

ஆய்வகத்தில் தொடங்குங்கள். இலங்கையில் அறிவியல் படிப்புகளுக்கு 40 சதவீதம் நாடு தழுவிய தரவரிசை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று மத்தியிலேயே இடம் பிரிக்கிறார்கள். அதனால் தென்னிலங்கைச் சிங்களப் பிள்ளைகளும் யாழ்ப்பாணம் வருகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் ஒரே மேசையில் உட்கார வைக்கலாம்.

நான்கு பேர் குழு, இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு ஒன்று கூடவே கூடாது. அந்த ஒருவர் தன் இனத்துக்கே வக்கீலாகிவிடுவார், இல்லை வாயே திறக்க மாட்டார். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உளவியலாளர் எலியட் அரான்சன் கொண்டுவந்த ஜிக்சா முறைப்படி பாடத்தை நான்காக வெட்டி ஆளுக்கொரு பகுதி கொடுங்கள். மற்றவர் சொல்லாமல் பாடம் முழுமையாகாது. சொதப்புவது எங்கே என்றால், ஆங்கிலம் சரளமாக வருகிறவர் ரெக்கார்டு நோட்டைக் கையில் எடுத்துக்கொள்வார், மற்ற மூவரும் பிப்பெட் கழுவிக்கொண்டிருப்பார்கள். நோட்டு எழுதும் வேலையை வாராவாரம் மாற்றுங்கள். மதிப்பெண்ணில் ஒரு பங்கு குழுவுக்கென்று இருக்கட்டும், இல்லையென்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். முதல் பருவத்தில் போரைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். மே 18 அங்கே தமிழர் தரப்புக்கு நினைவேந்தல், சிங்களத் தரப்புக்குப் போர் முடிந்த நாள். அந்த வாரத்தில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம்.

"நீதி கேட்க வேண்டிய இடத்தில் நட்பு வளர்க்கச் சொல்கிறாயா" என்று கமென்ட் வரும். இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. அந்தச் சுமையைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள் என்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஆதங்கம் ஒன்று. ஆனையூர், உச்சப்பட்டி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களும் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 1987 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு இங்கே பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. பட்டம் வாங்கியும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத அந்தப் பிள்ளைகளிடமும் உங்கள் புராஜெக்ட் கேள்வித்தாளைக் கொடுங்கள்.