மொய் நோட்டை மட்டும் எடைக்குப் போட முடியாது

"எல்லாம் போனில் இருக்கும்போது நோட்டுப் புத்தகத்துக்கு இனி என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். பால் கணக்கும் மளிகைச் சிட்டையும் போனுக்குப் போய்விட்டன, எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளின் ரஃப் நோட்டுகள் ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. ஆனால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் மொய் நோட்டு என்று ஒன்று உண்டு; விசேஷத்தில் யார் எவ்வளவு மொய்ப் பணம் வைத்தார்கள் என்று எழுதி வைப்பது. எங்கள் வீட்டில் அது நிலப் பத்திரங்களோடு பீரோவில் இருக்கிறது.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரங்களில் மஞ்சள். பந்தலில் மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணி உரக்கச் சொல்வார். கையெழுத்து நன்றாக உள்ளவர் எழுதுவார். பெயர் மட்டும் போதாது. ஒரே ஊரில் நாலைந்து முருகேசன்கள் இருப்பார்கள். ஆகவே ஊர், தெரு, தகப்பனார் பெயர், அதிலும் குழப்பம் என்றால் 'டீக்கடை', 'மேலவீடு' என்று அடையாளம் சேரும்.

விசேஷப் பத்திரிகை வந்ததும் முதலில் புரட்டுவது இதைத்தான். அவர் நமக்கு 500 ரூபாய் செய்திருக்க, நாம் 1,000 வைத்தால் பழைய 500 கழிந்துவிடும். மீதி 500 அவர் நமக்குச் செய்ய வேண்டியது. வட்டி இல்லை, பிராமிசரி நோட்டு இல்லை. அடுத்த விசேஷம்தான் கெடு. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே கறி விருந்து வைக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும் உண்டு, திருப்பிச் செய்ய வழியில்லாமல் காதுத் தோட்டை அடகு வைத்தவர்களும் உண்டு. அதைச் சொல்லாமல் மொய்யைப் புகழ்வது நேர்மையாகாது.

இப்போது கணினியில் பதிந்து கையோடு ரசீதும் தருகிறார்கள். பெயரைத் தட்டினால் பழைய கணக்கு வந்து நிற்கிறது, வசதிதான். ஆனாலும் விருந்து முடிந்ததும் அதை அச்சடித்து, பைண்டு செய்து வாங்காமல் விருந்து வைத்தவர்கள் யாரும் வீடு திரும்புவதில்லை.

நானும் அண்ணனும் பாகம் பிரிந்தபோது நிலத்தை அளக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அப்பா வாங்கிய மொய்யை யார் திருப்பிச் செய்வது என்பதில்தான் பேச்சு இழுத்தது. கடைசியில் நோட்டை நகலெடுத்து, ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டோம். அம்மா வழி ஊர்கள் எனக்கு, மற்றவை அண்ணனுக்கு.