கைபேசி விளையாட்டு: கேள்வி – பதில்

(இந்த இதழில் மார்வெல் வீரர்கள் மோதும் சண்டை விளையாட்டான மார்வெல் காண்டெஸ்ட் ஆஃப் சாம்பியன்ஸ் பற்றிய கேள்விகள் மட்டும்)

கேள்வி: ஆர்க்ஏஞ்சல் என்ற வீரரை வைத்து விஷன் என்ற வீரரோடு மோதினால் ப்ளீடும் (இரத்தக் கசிவு) ஏறவில்லை, பாய்சனும் (நஞ்சு) ஏறவில்லை. ஒவ்வொரு அடிக்கும் 'இம்யூன்' (பாதிக்காது) என்றுதான் வருகிறது. இன்னும் ரேங்க் (வீரரின் தரநிலை) கூட்ட வேண்டுமா?
– வாசகர், பதுளை

பதில்: கூட்டாதீர்கள், பொருள்தான் வீணாகும். விஷன் இயந்திரம், அவருக்கு ப்ளீடும் பாய்சனும் ஏறாது. அல்ட்ரானும் அப்படித்தான். ஆர்க்ஏஞ்சலின் பெரிய ஆயுதமான நியூரோடாக்சின் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது. இரண்டுக்கும் இடமில்லாத உடம்பில் அதுவும் வராது. போதாததற்கு ஆர்க்ஏஞ்சல் மியூட்டன்ட் வகுப்பு, விஷன் டெக் வகுப்பு; மியூட்டன்டுக்கு எதிராக டெக்குக்கே சாதகம். டெக்கை வெல்வது காஸ்மிக். அந்த வகுப்பின் ஹைப்பீரியன் இருந்தால் இறக்குங்கள், அவருடைய அடி ப்ளீடையோ பாய்சனையோ நம்பியதல்ல.

கேள்வி: எதிராளிக்கு 'எல்லா டிபஃப்புக்கும் (கெடுதல் விளைவு) இம்யூன்' என்று நோட் (அந்தச் சண்டைக்கான தனி விதி) போட்டிருந்தது. அப்படியிருந்தும் சில விளைவுகள் ஏறின. இது பிழையா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: பிழை இல்லை. பலரும் குழம்பும் இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறோம். ஒரு விளைவைப் பார்த்தால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். அதன் பெயர் என்ன? அது டிபஃப்பா, டிபஃப் கணக்கில் சேராத பாசிவ்வா?

'ப்ளீட் இம்யூன்' என்பது பெயரைப் பார்க்கும். ப்ளீட் என்று பெயர் இருந்தால் டிபஃப்பாக வந்தாலும் பாசிவ்வாக வந்தாலும் தடுத்துவிடும். 'டிபஃப் இம்யூன்' வகையைப் பார்க்கும். பாசிவ் அந்த வகையில் சேராததால் உள்ளே போய்விடும். நீங்கள் கண்டது இதைத்தான். இரத்தக் காயம் போலத் தெரிந்தாலும் ரப்ச்சர் வேறு பெயர், ஆகவே ப்ளீட் இம்யூன் அதைத் தடுக்காது.

பியூரிஃபையையும் இம்யூனையும் ஒன்றென்று எண்ண வேண்டாம். படங்கு கட்டிக்கொண்டு மழையில் கொழுந்து பறிப்பவர் நனைவதில்லை, அது இம்யூன். நனைந்த பிறகு துணி மாற்றுவது பியூரிஃபை. அதுவும் டிபஃப்பைத்தான் கழற்றும், பாசிவ்வில் கை வைக்காது. சண்டை நடக்கும்போது ஐகானைக் கவனியுங்கள்: டிபஃப்புக்கு வட்டம் இருக்கும், பாசிவ்வுக்கு இருக்காது.

கேள்வி: ஸ்பைடர்மேன் (கிளாசிக்) அடிக்கடி அடி படாமல் விலகிவிடுகிறார். நலிஃபை செய்யும் வீரரைப் போட்டும் பயனில்லை.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: நலிஃபை, பஃப் என்னும் சாதக விளைவைத்தான் நீக்கும். அவர் விலகுவது பஃப்பினால் அல்ல, பிறவிக் குணத்தால். அங்கே நலிஃபைக்கும், பஃப் வராமல் தடுக்கும் ஸ்டாகருக்கும் வேலையில்லை. ஷீ-ஹல்க்கின் ஹெவி (பலத்த) அடி ஸ்லோ என்ற விளைவை ஏற்றும். அது இருக்கும்வரை எதிராளியால் விலகவும் முடியாது, அன்ஸ்டாப்பபிள் (அடி பட்டாலும் நிற்காதவர்) ஆகவும் முடியாது. ஐஸ்மேன் சண்டை தொடங்கும்போதே வைக்கும் கோல்ட்ஸ்னாப் என்ற குளிர் விளைவும் விலகலைத் தடுக்கும்.

ஆனால் நோட்டைப் படித்துவிட்டு இறங்குங்கள். எதிராளி கோல்ட்ஸ்னாப் இம்யூன் என்றால் குளிர் அவரைத் தொடாது, அவர் விலகுவதும் நிற்காது. மூல விளைவு ஏறாத இடத்தில் அதோடு வரும் துணை விளைவும் ஏறாது. பாய்சனுக்கும் இதே கதைதான். பாய்சன் ஏறினால் எதிராளி உயிர் மீட்பது 30% குறையும். ஏறாவிட்டால் அந்தக் குறைப்பும் இல்லை. உயிரை மீட்டுக்கொண்டே இருக்கும் எதிராளிமேல் பாய்சன் வீரரை அனுப்புமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பாரி (அடி படும் கணத்தில் தடுப்பது) சரியாகப் பிடித்தும் எதிராளி ஸ்டன் (செயலற்று நிற்பது) ஆவதில்லை. என் போன்தான் மெதுவா?
– மாணவர், ஹப்புத்தளை

பதில்: 'இம்யூன்' என்று எழுத்து வந்தால் போன்மேல் குற்றமில்லை, எதிராளி ஸ்டன் இம்யூன். பாரி பிடித்த கையோடு முன்னே பாயாதீர்கள், அவர் திருப்பி அடிப்பார். பின்னால் நழுவி, அவர் ஓடிவரும்போது முந்தி அடிக்கும் இன்டர்செப்டைப் பழகுங்கள். எழுத்தே வராவிட்டால் நேரம்தான் பிசகுகிறது. எதிராளியின் அடி படும் கணத்துக்குச் சற்று முன்னர் பிளாக்கைத் தொடுங்கள், முன்கூட்டியே அழுத்திப் பிடித்திருந்தால் வெறும் பிளாக்தான் ஆகும்.