டாலியின் உருகும் கடிகாரங்கள் சார்பியலைத்தான் சொல்கின்றனவா?

ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி 1931-இல் வரைந்த 'நினைவின் நிலைப்பு' ஓவியத்துக்கு என்ன பொருள், நேரம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடாது என்னும் ஐன்ஸ்டீனின் சார்பியலைத்தான் அது காட்டுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஓவியம் இது. இதில் சார்பியல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டாலியே அந்தக் கேள்விக்கு, வெயிலில் இளகும் கமம்பேர் பாலாடைக்கட்டியைத்தான் காரணமாகச் சொன்னார்.

அவர் தன் சுயசரிதையில் சொல்லும் கதை இது. ஒரு நாள் தலைவலி. மனைவி காலா நண்பர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டில் மிஞ்சிய பாலாடைக்கட்டி மேசையில் இளகிக் கிடந்தது. ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதியில் உள்ள போர்ட் லிகாட் கடற்கரையையும் ஒரு மொட்டை ஒலிவ மரத்தையும் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தார். அந்தக் காட்சிக்குள் என்ன வைப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. தூங்கப் போகும் முன் அதைப் பார்க்கப் போனபோது, கடிகாரங்கள் துவண்டு தொங்குவது கண்ணில் தெரிந்ததாம்.

அதனால் நான் கடிகாரங்களை விட்டுவிட்டு முதலில் பின்னணியைத்தான் பார்ப்பேன். வலது மூலையில் வெயில் பட்டு நிற்பவை அவர் சிறுவயதிலிருந்தே அறிந்த கட்டலோனியக் கடலோரப் பாறைகள். அவை மட்டும் கூர்மையாக, உறுதியாக நிற்கின்றன. நேரத்தை அளக்கும் கருவிதான் தோசை மாவு போல வழிகிறது. நடுவில் கண்மூடிக் கிடக்கும் வெளிறிய உருவத்தைக் கவனியுங்கள். நீண்ட இமைகளும் மூக்கும் உள்ள அது டாலியின் முகமேதான். 1929-இலேயே இதே முகத்தை வேறொரு ஓவியத்தில் வரைந்திருக்கிறார். தூங்குகிறவனுக்கு மணி ஏது? ஊர் மட்டும் கனவிலும் அப்படியே இருக்கிறது. ஓவியத்தின் பெயரில் வரும் நினைவு அந்தப் பாறைகள்தான் என்று நான் நம்புகிறேன்.

மொத்தம் நான்கு கடிகாரங்கள். மூன்று துவண்டவை. ஆரஞ்சு நிறத்தில் மூடிக் கிடக்கும் நான்காவது மட்டும் கெட்டியானது, அதைத்தான் எறும்புகள் மொய்க்கின்றன. சிறுவயதில் எறும்பு மொய்த்த வௌவால் ஒன்றைப் பார்த்து அவர் மிரண்டிருக்கிறார். அவர் ஓவியங்களில் எறும்பு வந்தாலே அழுகல், சாவு.

அப்புறம், அளவு. 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம்தான். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, அறிவியல் தொடர்புதான் வேண்டும் என்றால், 1952-54-இல் இதே காட்சியை அவர் மீண்டும் வரைந்ததைப் பாருங்கள். அணு இயற்பியலில் மூழ்கியிருந்த காலம் அது. அதில் தரை செங்கல் செங்கல்லாகப் பிரிந்து மிதக்கிறது, கடற்கரை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. தூரத்தில் அதே பாறைகள் இருக்கின்றன.