வீட்டுக்காரப் பாட்டி தரும் வாளை வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் 9 வருடமாகக் குடியிருக்கிறேன். வரும் ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு கோவைக்கே திரும்புகிறேன். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி, காலமான கணவரின் அலமாரியில் கிடந்த வாக்கிசாஷி என்ற குட்டை வாள் ஒன்றை எடுத்துக் காட்டி, "ஞாபகமாக நீயே வைத்துக்கொள்" என்கிறார். கறுப்பு அரக்கு பூசிய உறை, தும்பி பொறித்த கைக்காப்புத் தகடு. பார்க்கவே அழகாக இருக்கிறது. ஆனால் காகிதம் எதுவும் இல்லை. ஒரே மகன் ஒசாகாவில் இருக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? ஊருக்கு எடுத்து வர முடியுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் அறைக்கு எடுத்துப் போய் ஓர் இரவு வைப்பதுகூட வேண்டாம். ஜப்பானில் வாள் வைத்திருக்க ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது, பதிவு வாளுக்குத்தான். பதிவுச் சான்று வாளோடு இருந்தால் வெளிநாட்டவரும் வைத்திருக்கலாம். அது இல்லாத வாள் யார் கையில் இருந்தாலும் குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். விசா உள்ளவருக்கு இந்த வம்பு தேவையே இல்லை.

முதலில் பாட்டியிடம் சாமி மாட இழுப்பறை, வாளைச் சுற்றியிருந்த துணிப்பை, கணவரின் பழைய பத்திரக் கட்டு எல்லாவற்றிலும் தேடச் சொல்லுங்கள். வாள் பதிவு 1950களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மாமனார் காலத்தில் பதிந்த சிறு காகிதம் ஒன்று எங்காவது மடித்துக் கிடக்கலாம்.

கிடைக்கவில்லையா? பாட்டியே தன் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்து, "வீட்டில் பழைய வாள் கிடைத்தது" என்று சொல்லட்டும். பயப்பட ஒன்றுமில்லை, பழைய வீடுகளில் இப்படி வாள் கிடைப்பது அங்கே சகஜம். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அதைக் கேட்காமல் துணியில் சுற்றி ரயிலில் ஏறிவிடாதீர்கள். காவல் நிலையத்தில் 'கண்டெடுத்த அறிவிப்பு'க்கான சான்று தருவார்கள். அதோடு வாளை டோக்கியோ கல்வி வாரியத்தின் பதிவுத் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டணம் 6,300 யென். வாளுக்கும் கல்வி வாரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அங்கே இது கலைப்பொருள், அதனால் அந்த இலாகா.

தேர்வாளர் பிடியிலுள்ள மூங்கில் ஆப்பைத் தட்டி எடுத்து, பிடியை உருவிப் பார்ப்பார். உள்ளே மறைந்திருக்கும் வாலிரும்பில் எழுத்து இருக்கிறதா, ஆணித் துளை எத்தனை, நீளம், வளைவு எவ்வளவு என்று பார்த்துக் குறிப்பார். அந்த வாலிரும்பில் படிந்த துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. தேங்காய் எண்ணெயும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் தேய்த்துத் தேய்த்தே வாளின் மதிப்பைக் கெடுத்தவர்கள் உண்டு. கலைமதிப்பு உள்ள, மரபு முறையில் அடித்த வாளுக்குத்தான் பதிவு. போர்க்காலத்தில் ஆலையில் செய்த ராணுவ வாள் என்று தெரிந்தால் பதிவு கிடைக்காது. அலகை, அதாவது வெட்டும் இரும்பை, ஒப்படைக்க வேண்டியதுதான்.

பதிவு முடிந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. வாள் பாட்டியுடையதா? கணவர் உயில் எழுதவில்லை, சொத்தையும் பிரித்துக்கொள்ளவில்லை என்றால், ஜப்பானியச் சட்டப்படி பாதி மனைவிக்கு, பாதி மகனுக்கு. எனவே ஒசாகா மகனின் கையெழுத்தும் உள்ள அன்பளிப்புக் கடிதம் ஒன்று வாங்குங்கள். பாட்டி பாசமாகக் கொடுப்பார்; பத்து வருஷம் கழித்து மகன் வந்து "அப்பா வாள் எங்கே?" என்பார். கைமாறிய 20 நாளுக்குள், சான்று தந்த கல்வி வாரியத்துக்கு உரிமை மாற்றம் தெரிவிக்க வேண்டும். ஓர் ஆண்டில் நீங்கள் பெறும் அன்பளிப்புகளின் மதிப்பு 11 லட்சம் யென்னைத் தாண்டினால், அன்பளிப்பு வரி உங்கள் தலையில்.

கோவைக்கு எடுத்து வருவது பற்றி. ஜப்பானை விட்டு வாள் வெளியேற, கலாசார விவகார முகமையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும். பதிவுச் சான்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆயுதம் கொண்டுவர முன்கூட்டியே உரிமம் கேட்கிறது. வாளும் அந்தப் பட்டியலில் உண்டு. "பழசு சார், அலங்காரத்துக்கு" என்று விமான நிலையத்தில் சொன்னால் எடுபடாது.

என் யோசனை வேறு. நீங்கள் எழுதிய நாலு வரியில் அலகைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உறையையும் தும்பியையும்தான் வர்ணித்திருக்கிறீர்கள். (தும்பிக்கு அங்கே 'வெற்றிப்பூச்சி' என்று பெயர். பின்வாங்காமல் முன்னோக்கியே பறக்கும் என்று சாமுராய்கள் விரும்பிய சின்னம்.) பதிவுச் சட்டம் பிடிப்பது அலகை மட்டும்தான். கைக்காப்பு, பிடி, பிடியில் பதித்த சிறு உலோக உருவங்கள், உறை ஆகிய எதற்கும் பதிவு தேவையில்லை. ஜப்பானியர்களே அலகைப் பூச்சில்லாத மர உறையில் தனியாக வைத்துவிட்டு, அலங்காரப் பகுதிகளை 'ட்சுனாகி' என்ற மர அலகில் கோத்து வைப்பார்கள். முழு வாள் போலவே தெரியும். ஆனால் உள்ளே இருப்பது மரம்.

அலகு பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும். மர அலகில் கோத்த அலங்காரப் பகுதிகளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மகனின் கையெழுத்து இதற்கும் வேண்டும். பழம்பொருள் என்பதால் முகமையிடம் ஏற்றுமதிச் சான்றும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இங்கே சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் யோசித்து முடிவெடுங்கள்: இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக விடாது. அது எந்த நாட்டில் செய்தது என்று வரையறையில் பிரித்துச் சொல்லவில்லை. நாளைக்கு மறுபடி டோக்கியோவில் வேலை கிடைத்தால், நீங்கள் சுலபமாகப் போகலாம், தும்பி போகாது.

மர அலகு ஒவ்வொரு வாளுக்கும் அளவெடுத்துச் செதுக்குவது. பதிவு முடிந்ததும் வாள் கடை ஒன்றில் சொல்லிவிடுங்கள், ஏப்ரலுக்கு அதிக நாள் இல்லை.