எல்லாம் பிள்ளைகளை நினைத்த ஏக்கம்தானா?

கேள்வி: எனக்கு வயது 53. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வேதியியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். மகள் திருமணமாகி டல்லாஸில் இருக்கிறாள். மகனுக்குப் பெங்களூரில் வேலை. வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். ஐந்தாறு மாதங்களாகக் கடும் அசதி. இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறினால் உட்கார்ந்துவிடலாம் போல இருக்கிறது. சாப்பாடு குறைந்தும் எடை 4 கிலோ கூடியிருக்கிறது. குரல் கம்மிப்போய் இரண்டு மாதம் ஆகிறது. மலச்சிக்கலும் உண்டு. கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போதே அடுத்த வரி மறந்துபோகிறது. தூங்கி எழுந்தாலும் தெளிச்சி இல்லை. முடி கொட்டுவதற்கு மட்டும் மருந்துக்கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இரவு பத்தரைக்கு மகள் பேசுவாள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு, உடனே படுக்கை. “பிள்ளைகளை நினைத்து ஏங்குகிறாய்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தூக்க மாத்திரை சாப்பிடலாமா? மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: ஏக்கம் இருக்கத்தான் செய்யும், சகோதரி. ஆனால் சாப்பாடு குறைந்தும் எடை ஏறுவதையும், குரல் இரண்டு மாதமாகக் கம்மியிருப்பதையும், மலச்சிக்கலையும் சேர்த்து ஏக்கத்தின் தலையில் கட்ட முடியாது. ஐம்பதைத் தாண்டிய பெண் எந்தத் தொல்லையைச் சொன்னாலும், “மாதவிடாய் நிற்கிற வயசு, பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை, அதுதான்” என்று வீட்டிலும் வெளியிலும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய நோய்கூட இதனாலேயே மாதக்கணக்கில் மறைந்து கிடக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது தைராய்டு சுரப்புக் குறைவு. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் இந்தச் சுரப்பியின் ஹார்மோன் குறைந்தால் உடலின் எல்லா வேலைகளும் மந்தமாகும். குடல் மந்தமானால் மலச்சிக்கல், மூளை மந்தமானால் மறதி. குரல்நாண்களின் திசுவில் நீர் கோத்துத் தடிப்பதால் குரலும் கரகரக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவதுதான் பெரும்பாலும் காரணம்.

சிலவற்றை நீங்களே கவனித்துப் பாருங்கள். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லும்போது நீங்கள் மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறீர்களா? காலையில் கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றனவா? மோதிரம் விரலில் இறுகுகிறதா? ஆம் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இல்லை என்றாலும் பரிசோதனை வேண்டும்.

போவதற்கு முன் ஒன்று முக்கியம். முடிக்காகச் சாப்பிடும் அந்தப் பயோட்டின் மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கு டிஎஸ்ஹெச் என்று பெயர்; தைராய்டு சுரப்பு குறைந்தால் பெரும்பாலும் இது ஏறும். சில ஆய்வக முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு, டிஎஸ்ஹெச் அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். நோய் இருந்தும் ‘இயல்பு’ என்று தாள் வந்துவிடும். வேதியியல் படித்த உங்களுக்கு, சோதனைக்குழாயில் வேண்டாத பொருள் ஒன்று கலந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை சாப்பிட்டு வந்ததை ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். முடி கொட்டுவதற்குத் தைராய்டே காரணமாக இருந்தால் பயோட்டின் எந்தப் பயனும் தராது.

டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இரண்டோடு ஹீமோகுளோபின், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாடி ஏறும்போது வரும் களைப்புக்கு அதுவும் காரணமாகலாம். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, மூச்சுத் திணறலோ, கை, தாடை வரை பரவும் வலியோ இருந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுங்கள்.

டிஎஸ்ஹெச் பொதுவாக 0.4 முதல் 4.5 வரை இருக்கும். சற்றே கூடியிருந்தால் உடனே மாத்திரை என்பதில்லை. மறுபடி எடுத்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். தெளிவான குறைபாடு என்றால், குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரை தருவார். அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. எழுந்ததும் காபி குடித்துப் பழகியவர்களுக்கு இது கடினம்தான், ஆனால் காபியோடு சேர்ந்தால் மருந்து சரியாக உடலில் ஏறாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்து மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். அசதி ஒரே வாரத்தில் போய்விடாது. உடம்பு தெம்பானதும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது குரல். தைராய்டு குறைவு என்றே தெரிந்தாலும் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நான்கு வாரத்தைத் தாண்டிய கரகரப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாண்களை நேரில் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் கடந்துவிட்டது. அறுபது பேர் வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நாள்தோறும் பேசுகிறவர்களுக்குக் குரல்நாணில் சிறு முடிச்சுகள் வருவது சகஜம். ஆய்வுக்கூடத்தின் அமில ஆவியும் தொண்டையை உறுத்தும். முடிகிற வகுப்புகளில் ஒலிவாங்கி கேட்டு வாங்குங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்காதீர்கள். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பாகப் பேசுவதும் கூடாது, அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தான். விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், மூச்சு இழுப்பு இவற்றில் எது தென்பட்டாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

இரவுச் சாப்பாட்டை மட்டும் இன்றே மாற்றிவிடலாம். கோடையில் உங்கள் இரவு பத்தரை மகளுக்குப் பகல் பன்னிரண்டு. அவள் மதிய இடைவேளையில் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். அந்த அழைப்புக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, சாப்பிட்டதும் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டை வரை வரும். குரல் கம்மியிருப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். எட்டு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டு மகளோடு நிதானமாகப் பேசுங்கள். இந்தத் தொல்லைகளைப் பிள்ளைகளிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. “அவர்களை எதற்குக் கவலைப்பட வைக்க வேண்டும்” என்று பல தாய்மார்கள் மறைக்கிறார்கள். சொல்லுங்கள். பின்னால் தெரியவரும்போது அவர்களுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் இருக்கும்.

தூக்க மாத்திரை வேண்டாம். தைராய்டு மிகவும் குறைந்திருந்தால் அந்த மாத்திரைகள் உடலைக் கூடுதலாக மந்தப்படுத்தும். வழக்கமாகிவிடும் ஆபத்து வேறு. நீங்கள் தூங்கத்தான் செய்கிறீர்கள், தெளிச்சிதான் இல்லை. பலத்த குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். இருந்தால் அதற்கு வேறு பரிசோதனை இருக்கிறது.

மனதையும் நான் ஒதுக்கவில்லை. தைராய்டு குறைவே மனச்சோர்வைக் கொண்டுவரும். அது இல்லாமலும் மனச்சோர்வு வரும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, பிடித்த பாடத்தை நடத்தவும் மனம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் ரத்த முடிவுக்காகக் காத்திராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் கணவரிடம் உடனே சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

செய்முறைத் தேர்வு முடியட்டும், விடைத்தாள் திருத்தும் முகாம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பயோட்டின் மாத்திரையை இன்று நிறுத்தினால் மூன்றாம் நாள் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டே கல்லூரிக்குப் போகலாம். தொண்டை மருத்துவரிடமும் இந்த வாரத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.